ஏழாம் அத்தியாயம்: பெற்றோர் நம் பெயரில் வாங்கிய கடன்

தான் வாங்காத கடனுக்குத் தன் பெயரில் கடிதம் வந்திருப்பதைக் காணும் மனிதன், அதை வாங்கியவர் யாரோ ஓர் அந்நியர் என்று அறிந்தால் அன்றைக்கே பொலிசுக்குப் போவான். வாங்கியவர் தன்னைப் பெற்ற தாய் என்றோ வளர்த்த தகப்பன் என்றோ அறிந்தாலோ, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் முதல் தவணையைக் கட்டிவிட்டு வருவான். இந்த அத்தியாயம் அந்த இரண்டாம் மனிதனை உத்தேசித்து எழுதப்பட்டது. அவனுக்குச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பெற்றோரைப் பராமரிப்பது வேறு, அவர்கள் இட்ட பொய்க் கையொப்பத்தைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்வது வேறு. முன்னதைக் குறைவறச் செய்வதற்குப் பின்னதைச் செய்யவேண்டிய நிர்ப்பந்தம், சட்டத்திலும் இல்லை, தர்மத்திலும் இல்லை.

இது நேரும் விதம்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரதேசத்தில், வயல்கள் சூழ அமைந்த கிளிவெட்டி போன்ற ஊர்களில், கடன் என்பது விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட மாதங்களைக் கடத்துவதற்கான சாதனமாக நெடுங்காலமாகவே இருந்துவந்திருக்கிறது. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்ததும், 2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் கிராமம் கிராமமாக வந்து இறங்கியதும், கடனின் முகத்தையே மாற்றிவிட்டன. முன்பு தெரிந்த முதலாளியிடம் வாய்ச்சொல்லில் வாங்கிய கடன், இப்போது அடையாள அட்டைப் பிரதியிலும் கையொப்பத்திலும் நிற்கும் கடனாயிற்று. வாய்ச்சொல்லை ஒருவர் இன்னொருவருக்காகக் கொடுக்க முடியாது, கடதாசியையோ எவரும் எவர் பெயரிலும் நிரப்பிவிடலாம்.

பிள்ளையின் பெயர் அகப்பட்டுக்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் ஐந்து. முதலாவது குழுக்கடன்: தாய் ஏற்கனவே ஒரு கம்பனியில் கிழமைக் காசு கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தக் கடனை அடைக்க வேறொரு கம்பனியில் எடுக்கவேண்டியிருக்கிறது, அவள் பெயரில் இனிக் கிடைக்காது என்றபோது மகளின் அட்டைப் பிரதி நீட்டப்படுகிறது. இரண்டாவது லீசிங்: ஓட்டோவோ, மோட்டார் சைக்கிளோ, லாண்ட்மாஸ்டரோ மகனின் பெயரில் எடுக்கப்பட்டுத் தகப்பனால் ஓட்டப்படுகிறது, அல்லது எடுத்த கையோடு விற்கப்படுகிறது. மூன்றாவது பிணை: கடன் தகப்பனுடையதே, ஆனால் பிணையாளியின் இடத்தில் மகனின் பெயர் அவன் அறியாமல் எழுதப்படுகிறது. நான்காவது அடைவு: மகளின் நகை மகளின் பெயரிலேயே அடைவு வைக்கப்பட்டு, துண்டு தாயின் கையில் இருக்கிறது. ஐந்தாவது, வெளிநாட்டுக்குப் போகும் மகன் வீட்டு அலுவல்களைப் பார்க்கவென்று எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவம், அவன் கட்டாரில் வெயிலில் நிற்கையில், அவன் கனவிலும் நினையாத கடனுக்குப் பயன்படுத்தப்படுவது.

இவை யாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்றுண்டு. நம் பிள்ளைகள் தேசிய அடையாள அட்டையைப் பெறுவது சாதாரணதரப் பரீட்சைக்காக. பரீட்சை முடிந்ததும் அந்த அட்டையும், பிறப்பத்தாட்சிப் பத்திரமும், வங்கிப் புத்தகமும் அம்மாவின் பெட்டிக்குள் ஒன்றாகப் போய்விடுகின்றன. அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு ஒரு தாய் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே அவளுக்குத் தோன்றாது.

இது நம்மூரின் வறுமைக்கே உரிய குற்றம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்த அக்ஸ்டன் பெட்ஸ்-ஹமில்டன் என்னும் பெண், பல்கலைக்கழக மாணவியாகத் தனியே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தபோதுதான், தன் பெயரில் யாரோ ஆண்டுக்கணக்காகக் கடன் வாங்கியிருப்பதை அறிந்தார். அந்த அனுபவத்தினாலேயே அடையாளத் திருட்டைப் பற்றி ஆராயும் பேராசிரியராக உயர்ந்த அவர், 2013 இல் தாய் இறந்தபின் வெளிப்பட்ட கடதாசிகளிலிருந்தே திருடியவர் தம் தாய்தான் என்பதைக் கண்டுகொண்டார். 2019 இல் அதை ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார். துறையை நன்கறிந்த ஒருவரே சொந்த வீட்டைச் சந்தேகிக்க இத்தனை ஆண்டு சென்றதென்றால், மற்றவர்கள் தாமதமாக அறிவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தர்மம் என்ன சொல்கிறது

"பெற்றவன் பட்ட கடனைப் பிள்ளைதானே தீர்க்கவேணும்" என்று ஊரில் ஒரு பெரியவராவது சொல்லாமல் இருக்கமாட்டார். ஆகவே சட்டத்துக்குப் போகுமுன் அதற்கு விடை கூறிவிடுவது நல்லது. தந்தையின் கடனை மகன் தீர்க்கவேண்டும் என்று விதித்த பழைய தர்மசாஸ்திரங்களே அதற்கு விலக்கும் விதித்தன: சூதுக்காகவும் குடிக்காகவும் பட்ட கடன், வீண் தானமாக வாக்களித்தது, பிறர் முன்னிலையாவதற்காக நின்ற பிணை முதலியவற்றை மகன் தீர்க்க வேண்டியதில்லை என்று மனுஸ்மிருதி கூறுகிறது. அந்தப் பழைய கடப்பாட்டையும் இந்தியாவில் 2005 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதன்பின் எழும் கடன்களுக்கு இல்லாமற் செய்துவிட்டது. மேலும், அந்த விதி பேசியது தந்தை தன் சொந்தப் பெயரில் வாங்கிய கடனைப் பற்றி; மகனின் கையொப்பத்தைத் தந்தையே இட்டு வாங்கிய கடனை மகன் சுமக்கவேண்டும் என்று எந்த சாஸ்திரமும் கூறவில்லை.

இலங்கைச் சட்டம் பிள்ளையின் கடமையை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்கிறது. உணவு, மருந்து, இருப்பிடம் ஆகியவை அந்தக் கடமைக்குள் அடங்கும். லீசிங் தவணை அடங்காது.

எந்த வகை என்று முதலில் பிரித்தறிக

உங்கள் நிலை எது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் மாறும். ஆகையால் கோபம் தணிந்த ஒரு மாலையில் உட்கார்ந்து, பின்வருவனவற்றுள் எது உங்களுடையது என்று உள்ளது உள்ளபடி தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கையொப்பம் உங்களுடையதே அல்ல என்றால், அது பொய்யாவணம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அங்கே பிறக்கவேயில்லை.

கையொப்பம் உங்களுடையது, ஆனால் "சமுர்த்திக்கு ஒரு போம்", "பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம்" என்று சொல்லி வெற்றுப் படிவத்தில் வாங்கப்பட்டது என்றால், நிலை சற்றுச் சிக்கலானது. ஏமாற்றப்பட்டீர்கள் என்பதை நீங்கள் காட்டவேண்டியிருக்கும். சட்டத்தரணியின் துணையில்லாமல் இதில் இறங்கவேண்டாம்.

கடன் எழுதப்பட்ட திகதியில் உங்களுக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்றால், 1989 ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் அப்போது பராயமடையாதவர். பராயமடையாதவரைக் கடனாளியாக்கிய ஒப்பந்தத்தை எதிர்ப்பதற்கு நல்ல ஆதாரம் உங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரமே.

எல்லாம் தெரிந்து, அம்மாவின் கண்ணீரைப் பார்த்து, நீங்களே கையொப்பமிட்டிருந்தால், அது மோசடியன்று. அந்தக் கடன் உங்களுடையது; அதைத் தவணை மாற்றிக் கட்டுவதற்கான வழிகளை முந்திய அத்தியாயத்தில் காண்க. இந்த நான்காவது வகையைச் சேர்ந்தவர் முதல் வகையினரைப்போல முறைப்பாடு செய்யப் புறப்பட்டால், பொலிசாரிடம் பொய்த்தகவல் கொடுத்த குற்றமும் அவர் தலையில் விழும்.

முதல் கிழமையில் செய்யத்தகாதவை

இந்த விவகாரத்தில் பெரும்பாலோர் தோற்பது பின்னால் நீதிமன்றத்திலன்று, ஆரம்பத்தில், வீட்டு வாசலிலேதான். கடன் அறவிட வரும் உத்தியோகத்தர் அயலவர் காதில் விழும்படி பேசுகிறார். உள்ளே தாய் அழுகிறாள். மானத்தைக் காப்பதற்காகப் பிள்ளை ஐயாயிரம் ரூபாவை எடுத்து நீட்டுகிறான். அந்த ஐயாயிரத்துக்கு எழுதப்படும் பற்றுச்சீட்டு, அவன் அந்தக் கடனைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டான் என்பதற்குச் சாட்சியாகப் பின்னர் நிற்கும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலான ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட ஆறு ஆண்டுகளே அவகாசம் உண்டு. ஆயினும் இடையில் செய்யும் ஒரு பகுதிக் கொடுப்பனவோ எழுத்திலான ஒப்புதலோ அந்தக் காலக்கணக்கை மறுபடி தொடங்கிவிடக்கூடும்.

எனவே மூன்று விலக்குகள். ஒரு சதமேனும் கட்டவேண்டாம். "தவணை மாற்றம்", "சலுகைத் திட்டம்", "வட்டி விலக்கு" என்று எந்தப் பெயரில் வந்தாலும் புதிய கடதாசியில் கையொப்பமிட வேண்டாம். மீள எழுதப்படும் ஒப்பந்தத்தில் இடப்படுவது உங்கள் உண்மைக் கையொப்பமாகையால், பழைய பொய் அதற்குள் மறைந்துபோகும். தொலைபேசியில் "பார்த்துச் செய்யிறன்" என்றுகூடச் சொல்லவேண்டாம். வருபவரிடம் சொல்லத்தக்கது இவ்வளவே: "ஐயா, இந்தக் கடனை நான் எடுக்கேல்லை. எழுத்தில தாங்கோ, எழுத்தில பதில் தாறன்."

அவர் நாளுக்குப் பலமுறை வந்தாலும், இரவில் வந்தாலும், பெண்களிடம் தகாத வார்த்தை பேசினாலும், திகதியும் நேரமும் பெயரும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நுண்கடன் அறவிடுவோர் நம் நாட்டுப் பெண்களை நடத்தும் விதத்தை, 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி வெளிப்படையாகவே கண்டித்தார். ஆகவே உங்கள் முறைப்பாடு அதிகாரிகளுக்குப் புதுமையாகத் தோன்றாது.

கடதாசிகளைத் திரட்டுதல்

அடுத்து, எத்தனை கடன், எங்கெங்கே, எவ்வளவு என்பதை அறிதல். ஒரு கடன் வெளிப்பட்டால் அதன் பின்னால் வேறும் இருக்கும் என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் ஒன்றை அடைக்க மற்றொன்று என்பதே இக்கடன்களின் இயல்பு.

இதற்கு முதல் வாயில் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம்; ஊரில் "கிரிப்" என்பார்கள். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இப்பணியகம், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அறிவிக்கும் கடன்களை ஆளின் அடையாள அட்டை இலக்கத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. எவரும் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம். உங்கள் வங்கிக் கிளையில் அடையாள அட்டையைக் காட்டி விண்ணப்பித்தால் போதும், அதற்கெனக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. அதில் உங்கள் பெயரிலுள்ள கடன்களோடு, நீங்கள் பிணையாளியாகக் காட்டப்பட்டவையும் தெரியவரும். பிணைப் பகுதியை வாசியாமல் விட்டுவிடாதீர்கள். ஊர்ச் சீட்டும், மீற்றர் வட்டியும், பணியகத்தில் உறுப்புரிமையில்லாத சிறு கம்பனிகளின் கடனும் அதில் தோன்றா. அவற்றை வீட்டில் கேட்டுத்தான் அறியவேண்டும்.

அறிக்கை கைக்கு வந்தபின், ஒவ்வொரு நிறுவனத்திடமும் விண்ணப்பப் படிவம், ஒப்பந்தம், இணைத்த அடையாள அட்டைப் பிரதி, பணம் எவர் கையில் அல்லது எந்தக் கணக்கில் கொடுக்கப்பட்டது என்பதற்கான சான்று ஆகியவற்றின் பிரதிகளை எழுத்தில் கேளுங்கள். கடைசியாகக் கூறியதே மிகப் பெறுமதியானது; பணம் உங்கள் கணக்குக்கு வரவேயில்லை என்பது, கையொப்பம் உங்களுடையதல்ல என்பதைவிட விரைவில் புரியும் விஷயம்.

உங்கள் பக்கத்துச் சான்றுகளையும் சேருங்கள். கடன் எழுதிய திகதிக்கு முன்னும் பின்னும் நீங்கள் இட்ட உண்மைக் கையொப்பங்கள் (பாடசாலை, வங்கி, வேலைத்தலம் ஆகியவற்றின் பதிவுகளில் உள்ளவை) மிகவும் உதவும். அன்று நீங்கள் வெளிநாட்டில் இருந்தவராயின், கடவுச்சீட்டில் குத்திய முத்திரைகளும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலிருந்து பெறும் போக்குவரத்து விபரமும் விவாதத்துக்கே இடமில்லாமல் செய்துவிடும். தோஹாவில் இருந்தவன் மூதூரில் கையொப்பமிட்டிருக்க முடியாது. அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், அதை உடனே எழுத்தில் இரத்துச் செய்து, பதிந்த இடத்துக்கும் சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கும் அறிவியுங்கள்.

மறுப்புக் கடிதம்

இனி எழுதவேண்டிய கடிதம். அது சுருக்கமாகவும் உணர்ச்சியற்றும் இருக்கவேண்டும். அதில் நீங்கள் செய்யாததைச் சொன்னால் போதும். செய்தவர் யார் என்று சொல்லவேண்டிய கடமை இக்கட்டத்தில் இல்லை. பலர் கடிதமே எழுதாமல் விடுவதற்குக் காரணம், எழுதினால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்ற அச்சமே. ஆகவே இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்க. மாதிரி வருமாறு:

"முகாமையாளர் அவர்கட்கு,
……… இலக்கக் கடன் ஒப்பந்தம் பற்றியது.
மேற்படி கடன் என் பெயரிலும் என் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும் பதியப்பட்டிருப்பதை ……… ஆம் திகதி அறிந்தேன். இக்கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை; ஒப்பந்தத்திலுள்ள கையொப்பம் என்னுடையதல்ல; கடன் பணம் எனக்குக் கிடைக்கவில்லை; எனக்காகக் கையொப்பமிட எவருக்கும் நான் அதிகாரம் அளிக்கவில்லை. ஆகவே இதற்கான பொறுப்பை முற்றாக மறுக்கின்றேன். சம்பந்தப்பட்ட ஆவணங்களின் பிரதிகளை அனுப்பிவைக்குமாறும், விசாரணை முடியும்வரை என்னிடம் அறவிடும் நடவடிக்கையை நிறுத்துமாறும், கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அளித்த விபரத்தைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கின்றேன்."

இதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். கிளைக்கு ஒன்று, தலைமைக் காரியாலயத்துக்கு ஒன்று என இரண்டாக அனுப்புவது உத்தமம். கடனை எழுதிய உத்தியோகத்தரே கிளையில் இருந்தால், கடிதம் அவர் மேசையிலேயே தங்கிவிடக்கூடும். அட்டையின் உரிமையாளரை நேரில் காணாமல் கடன் எழுதியவர் அவரே என்பதை மறவாதீர்கள். தாய் செய்த தவறோடு உத்தியோகத்தர் செய்த தவறும் இங்கே இருக்கிறது. கம்பனி இணக்கத்துக்கு வருவதற்குப் பெரும்பாலும் காரணமாவது இதுதான்.

நியாயமான காலத்துள் பதில் வராவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கூறலாம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும், 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கம்பனிகளும் மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. ஆதலால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "உங்கள் கம்பனிக்கு மத்திய வங்கியின் உரிமம் உண்டா?" என்பது. நிதியியல் ஒம்புட்ஸ்மன் என்னும் பிணக்குத் தீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.

பொலிசுக்குப் போவதா?

இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி இதுவே. இதில் ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது.

முறைப்பாடு இல்லாமல் மறுப்பை ஏற்கமாட்டோம் என்று நிறுவனங்கள் சொல்வது வழக்கம். மறுபுறம், முறைப்பாடு பதிந்தபின் அது எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை; பொய்யாவணமும் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றலும் பாரதூரமான குற்றங்கள்; விசாரிக்கும் உத்தியோகத்தர் "யார் செய்தது?" என்று கேட்டால், தெரிந்த உண்மையை மறைத்துப் பொய் கூறலாகாது. ஆகவே பொலிஸ் நிலையத்தின் படியேறுமுன் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள். கையில் காசில்லை என்றால், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமின்றி ஆலோசனையும் வழக்குத் துணையும் கிடைக்கும்.

முறைப்பாட்டுக்கு முன் முயன்று பார்க்கத்தக்க நடுவழி ஒன்றுண்டு. கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளத் தகப்பன் அல்லது தாய் இணங்கினால், கம்பனியும் ஒப்புக்கொண்டால், பழைய ஒப்பந்தம் இரத்தாகிப் புதிய ஒப்பந்தம் உண்மையான கடனாளியோடு எழுதப்படலாம். அப்போது நீங்கள் கேட்டுப் பெறவேண்டியது விடுவிப்புக் கடிதம். அதில் "கடன் தீர்க்கப்பட்டது" என்று எழுதாமல், "இவர் இக்கடனுக்கு எக்காலத்திலும் பொறுப்பாளியல்லர்" என்று எழுதுவிக்கவேண்டும். புதிய ஒப்பந்தத்தில் பிணையாளியாக உங்களையே கேட்பார்கள். அதற்கு இணங்கினால் பழைய கடன் பின்வாசலால் வீட்டுக்குள் வந்ததாகவே முடியும்.

பெற்றோருக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள பிணக்கை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட மத்தியஸ்த சபையிலும் பேசித் தீர்க்கலாம். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. ஊரறிந்த பெரியவர்கள் இருந்து இரு பக்கமும் கேட்பார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு, "தம்பி, பாதியை நீ கட்டு, பாதியை அப்பா கட்டட்டும்" என்று சொல்லக்கூடும். இணக்கம் இல்லாமல் அங்கே எதுவும் உங்களைக் கட்டாது. மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, மரியாதையோடு மறுக்கலாம்.

இந்த வழிகள் அடைபட்டு, கடன் பெரிதாயிருந்து, தகப்பன் மேலும் வாங்கிக்கொண்டே இருப்பாரானால், முறைப்பாடு தவிர்க்க முடியாததாகும். அவ்வாறு செய்தவர் பெற்றவரைப் பழிவாங்கியவரல்லர். முறைப்பாட்டின் இலக்கத்தையும் பிரதியையும் பெற்றுக்கொள்ள மறவாதீர்கள். கையொப்பம் குறித்து வழக்கு மூண்டால், ஆவணத்தை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கலாம். முறைப்பாட்டின் பின் வீட்டில் அடியோ அச்சுறுத்தலோ நேர்ந்தால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அச்சட்டம் பெற்றோர் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

அழைப்பாணை வந்தால்

கம்பனி வழக்கிட்டால், வாங்காத கடனுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று வீட்டில் இருந்துவிடுவதே ஆகப்பெரிய பிழை. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ், நீதிமன்றம் உங்களைக் கேட்குமுன்னரே நிபந்தனையோடு ஒரு தீர்ப்பாணை பிறப்பிக்கமுடியும். குறித்த நாளில் தோன்றி, எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டால்தான் உங்கள் பக்கம் செவிமடுக்கப்படும். கடதாசி கைக்கு வந்த அன்றே சட்டத்தரணியிடம் கொண்டுசெல்லுங்கள். உங்கள் மறுப்பு ஒரு சத்தியக்கடதாசியில் எழுதப்படும். பதிவுத் தபாலில் போன கடிதம், அதன் பற்றுச்சீட்டு, முறைப்பாட்டுப் பிரதி ஆகியவை அதனோடு இணைக்கப்படும். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, ஓர் ஆவணத்தில் இன்னார் கையொப்பமிட்டார் என்று கூறுபவரே அதை நிரூபிக்கவேண்டும். அந்த நன்மை, நீதிமன்றத்தில் தோன்றியவனுக்குத்தான் கிடைக்கும்.

மனமறிந்து கட்டத் தீர்மானித்தால்

இத்தனையும் வாசித்தபின்னும், தொகை சிறியது, தாய் நோயாளி, வழக்கும் விசாரணையும் அவள் உயிருக்கு ஆகாது என்று கருதிக் கட்டிவிடத் தீர்மானிப்பவர்கள் உண்டு. அது ஒருவருடைய சொந்த விருப்பம். அதைக் குறைகூற இந்நூலுக்கு உரிமையில்லை. ஆனால் பயந்து கட்டுவதற்கும் தெரிந்து கட்டுவதற்கும் இடையே பணத்தளவிலேயே வித்தியாசம் இருக்கிறது. தவணையாகக் கட்டவேண்டாம், வட்டியையும் தண்டப்பணத்தையும் குறைக்கச் செய்து, ஒரே தடவையில் முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தில், தாயின் பொருட்டு, உங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்ளாது செலுத்துவதாக எழுதுங்கள். நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் காணாமல் காசை விடாதீர்கள்.

வீட்டுக்குள்

கம்பனிக்கு எழுதுவதற்கு முன்போ பின்போ, பெற்றோரிடம் பேசியாகவேண்டும். அவர்களிற் பலர் திருடவேண்டும் என்று எண்ணி இதைச் செய்தவரல்லர். வெள்ளத்தில் வேளாண்மை போன வருஷம், வைத்தியசாலைச் செலவு, மூத்தவளின் கலியாணம், முந்திய கம்பனியின் கிழமைக் காசு என்று ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியபோது, அறுவடையானதும் கட்டிவிடலாம், பிள்ளைக்குத் தெரியவே வராது என்று நம்பியவர்கள். 2018 இல் வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது என்பதிலிருந்து அந்த நெருக்குதலின் பரிமாணத்தை ஊகிக்கலாம். சூதும் குடியும் காரணமான வீடுகளும் உண்டு; அங்கே பேச்சு சுருக்கமாகவும் பாதுகாப்பு அதிகமாகவும் இருக்கட்டும்.

பேசும்போது, "ஏன் செய்தீங்கள்" என்பதைவிட, "இன்னும் எங்கெங்க இருக்கு" என்பதே பயனுள்ள கேள்வி. தம்பியின் பெயரும் தங்கையின் பெயரும் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். உங்கள் முடிவை ஒளிக்காமல் சொல்லுங்கள்: "அம்மா, உங்களுக்குச் சாப்பாடும் மருந்தும் நான் பாப்பன். ஆனா இந்தக் கடன் நான் எடுத்தது இல்லை எண்டு கம்பனிக்கு எழுதப்போறன். உங்களுக்குத் தெரியாமல் செய்ய விருப்பமில்லை, அதுதான் முதலே சொல்லுறன்." அழுகை வரும், சாபமும் வரலாம், உறவினர் தொலைபேசி எடுப்பார்கள். அந்த வாரத்தில் எந்தப் புதிய வாக்குறுதியும் கொடுக்கவேண்டாம்.

பின்னர் உதவுவதைக் காசாகக் கொடாமல் பொருளாகக் கொடுங்கள்: அரிசி மூட்டை, மருந்துக் கடைக் கணக்கு, மின்சாரப் பட்டியல். கையில் போகும் காசு முதலில் கிழமைக் காசுக்கே போகும் என்பதால், இதில் பெற்றோருக்கும் நன்மையே.

இனி நேராமல் இருக்க

அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் உங்கள் வசமே வைத்திருங்கள். அட்டை காணாமற்போயிருந்தால் பொலிசில் பதிந்து, கிராம உத்தியோகத்தர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் புதியதைப் பெறுங்கள். எவருக்குப் பிரதி கொடுத்தாலும், அதன் குறுக்கே இன்ன தேவைக்கு மட்டும் என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள். அப்பிரதியை வேறொரு விண்ணப்பத்தில் இணைப்பது கடினமாகும். ஆண்டுக்கு ஒருமுறை கொடுகடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர் அற்றோணித் தத்துவம் எழுதினால், கடன் பெறவும் பிணை நிற்கவும் அதிகாரம் இல்லை என்பதை அதிலேயே எழுதுவித்து, முடிவுத் திகதியும் இடட்டும்.

விவகாரம் முடிந்தது என்று எப்போது கொள்ளலாம்? உங்களைப் பொறுப்பாளியல்லர் என்று கூறும் நிறுவனத்தின் கடிதம் ஒன்று, அதன்பின் எடுத்த திருத்தப்பட்ட கொடுகடன் அறிக்கை ஒன்று, நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம் அதன் தபால் பற்றுச்சீட்டோடு ஒன்று. முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதியும் வேண்டும். வாய்மொழியாக "எல்லாம் சரியாகிவிட்டது" என்று கிளை முகாமையாளர் சொன்னதை நம்பிக் கோவையை எறிந்துவிட்டவர்கள், அக்கடன் வேறொரு அறவிடும் முகவரிடம் கைமாறிப் புதிய கடிதமாக வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியவராகிறார்கள். ஆகவே மேற்படி கடதாசிகள் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். வந்தபின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்து வையுங்கள்.